எண்ணெய் படக்கூடாத கல்

"அண்ணாச்சி, புதுசா லேசர் மிசின் எறக்கியிருக்கேன். டிசைன் போடுததுக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? ஒரு வரியில சொல்லுங்க."

எங்கள் தொழில்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சாத்தூர்த் தம்பி ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தார். அதற்குக் கீழேயே இன்னும் நாலைந்து பேர், எனக்கும் சொல்லுங்க, எனக்கும் சொல்லுங்க என்று வரிசை கட்டியிருந்தார்கள். ஒரு வரியில சொல்லணுமாம்ல! கோவில்பட்டியில் லேசர் கடையில் கண்ணைக் குடுத்து வேலை பார்த்தவனிடம் வந்து ஒரு வரி போதும் என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தத் தம்பி என்ன பாவம் செய்தார்? என் கோபம் வேறு இடத்தில் கிடக்கிறது. அதனால் ஒரு வரிக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

என் கதையில் பெரிய விசேஷம் ஒன்றும் கிடையாது. படிப்பு ஏறவில்லை. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் பிலிம் திருத்துகிற வேலைக்குப் போனேன். லேபிளில் மயில் இருந்தால் மயிலுக்கு, ரயில் இருந்தால் ரயிலுக்கு, விட்டுப்போன புள்ளியை மையால் வைக்கவேண்டும், கூடிப்போன புள்ளியைச் சுரண்டவேண்டும். கம்ப்யூட்டர் வந்தது, விழுந்து எழுந்து அதையும் கற்றுக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், ஹாக்கிப் போட்டிக்குக் கேடயம் என்று கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் கறுப்புக் கிரானைட்டில் இறந்தவர்கள் போட்டோ அடித்துக் கொடுக்கிற கடைக்கு வந்து சேர்ந்தேன். கண்ணில் புரை விழுந்து, புள்ளி எது தூசி எது என்று தெரியாமல் போனபோது அங்கிருந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

தொழிலுக்குப் புதுசானவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மரத்தில் லேசர் பட்டால் கருகும். கறுப்புக் கிரானைட் அப்படி இல்லை. பாலிஷ் போட்ட கல்லில் லேசர் பட்ட இடம் நுணுக்கமாகப் பொரிந்து வெள்ளையாகும், படாத இடம் கறுப்பாகவே நிற்கும். அதாவது, கல்லில் லேசருக்குத் தெரிந்தது ஒரே வேலை, வெளுக்க வைப்பது. கறுப்பு வேண்டுமென்றால் லேசர் சும்மா இருக்கவேண்டும். எங்கே சுடவேண்டும், எங்கே சும்மா இருக்கவேண்டும் என்று மிசினுக்குச் சொல்வதுதான் சாஃப்ட்வேரின் வேலை. அது போட்டோவை வாங்கி, நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைப் புள்ளிகளாக உடைக்கும். புள்ளி நெருங்கினால் வெள்ளை, விலகினால் கறுப்பு. ரொம்ப நெருங்கிவிட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

நம்ம பக்கத்து முகங்களுக்கு வம்பே இதில்தான். கறுத்த முகத்தைக் கறுத்த கல்லில் கொண்டுவர லேசர் கொஞ்சமாகத்தான் படவேண்டும். ரொம்பக் கொஞ்சமாகப் பட்டாலோ முகமே தெரியாது. மூக்குத் தண்டில் துளி வெளிச்சம், கன்னத்து மேட்டில் அதைவிடத் துளி, தலைக்குப் பின்னால் லேசான வெளுப்பு, அவ்வளவுதான். மீதியைக் கல்லின் கறுப்பே பார்த்துக்கொள்ளும். இதைக் கையால் செய்ய விடுகிற சாஃப்ட்வேரும் உண்டு, விடாததும் உண்டு. நான் கம்பெனிப் பேர் எதையும் சொல்லப்போவதில்லை, நமக்கெதற்கு ஊர் வம்பு. விடுகிறதைக் கைவேலை என்றும் விடாததை ஒத்தைப் பட்டன் என்றும் நாங்கள் கடையில் சொல்வோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனுஷன். இல்லை என்று வாய் திறந்து சொல்லவே மாட்டார். "பாப்போம் வே" என்பார், சட்டைப் பையை ஒருதரம் தொட்டுக்கொள்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நாம்தான் புரிந்துகொள்ளவேண்டும். இன்னொரு குணம், எந்த முடிவையும் தானாக எடுக்க மாட்டார். கடை போர்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று டீ கொண்டுவருகிறவரிடம் கேட்டு முடிவு செய்தவர். கேட்டால், "நாம பாக்கவா போர்டு வைக்கோம்? பாக்கவன்ட்டதான வே கேக்கணும்" என்பார்.

மிசினோடு வந்த சீனா சாஃப்ட்வேர் ஒருநாள் மண்டையைப் போட்டது. பாதி வேலையில் நிற்கும், பாதி மெனு சீன எழுத்தில் இருக்கும், அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. புதுசு வாங்கவேண்டும் என்றதும் நான் கைவேலையைச் சொன்னேன். அதை அந்தக் கம்பெனியில் கொஞ்ச நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம் என்று கொடுத்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் ஒத்தைப் பட்டனை விற்க வந்தான். முதலாளி ரெண்டு பேரையும் பார்த்தார்.

"ஒண்ணு செய்யும் வே. ரெண்டுலயும் எங்கப்பா படத்தைப் போடும். பாத்துருவோம்."

முதலாளியின் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர். அப்படியொரு கறுப்பு. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு தெருமுனையில் திரும்பினால் முதலில் திருநீறுதான் வரும், அவர் பின்னால் வருவார் என்று சேக்காளிகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒத்தைப் பட்டனில் டீ ஆறுவதற்குள் படம் தயாராகிவிட்டது. கைவேலையில் எனக்கு ஒரு பகல் பிடித்தது. துண்டுக் கல்லில் அடித்துப் பார்க்க, கன்னத்தைக் குறைக்க, திரும்ப அடிக்க, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே கோடு போடாமல் பிரித்துக் காட்ட என்று முதுகு ஒடிந்துபோனது. ரெண்டு கல்லையும் முதலாளி ரோட்டைப் பார்க்க மேஜையில் வைத்தார். வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "எது நல்லாருக்கு?" என்று கேட்டார். ஒருத்தர் பாக்கி இல்லாமல் வெள்ளைக் கல்லைத்தான் காட்டினார்கள். "அப்படியே மகாராசா கணக்கா இருக்காரு" என்றார் பக்கத்து நகைக்கடைக்காரர். என் கல்லைப் பார்த்து, "இது என்ன, கரண்ட் போன நேரத்துல எடுத்ததா?" என்றார் இன்னொருத்தர். கடையே சிரித்தது. நானும் இளித்துவைத்தேன்.

கடையை அடைக்கும்போது முதலாளி என் கல்லைக் கையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதான் வே எங்கப்பா" என்றார். பிறகு, "ஆனா இதை யாரு வே வாங்குவா?"

அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படங்களோடு வைத்துக்கொண்டார். கடைக்கு ஒத்தைப் பட்டனை வாங்கினார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் வியாபாரி, நாலு பேர் சம்பளம் வாங்குகிற கடை. ஆனால் அன்றைக்கு என் வயிற்றில் விழுந்த கல் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் செத்துப்போனவர்கள் எல்லாரும் சிவப்பாகிவிட்டார்கள். விளாத்திகுளம் காட்டில் ஆயுசு முழுக்க மிளகாய் பறித்தவர்கள், குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வெந்தவர்கள், லாரி ஓட்டியவர்கள், கொத்தனார்கள், எல்லாரும் கல்லில் வெளேரென்று உட்கார்ந்திருந்தார்கள். ஒத்தைப் பட்டனுக்கு அப்படி ஒரு குணம். படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும், கண்டுபிடித்த உடனே அதற்கு வெளிச்சம் போடும். வேண்டாம் என்று நிறுத்த வழி கிடையாது. கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "சார், அதுதானே சார் இதோட ஸ்பெஷலே" என்றான். வாங்கிப்போனவர்கள் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் வாங்கிப்போனார்கள். சில சமயம் கல்லைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லட்சணமா இருந்திருக்காரு, நமக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதவர்களும் உண்டு. நான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பேச்சியம்மாள் வந்தது ஒரு ஐப்பசியில். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூட மகன் வேல்முருகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகள் மாரிச்செல்வி விளாத்திகுளத்தில் ஜவுளிக்கடையில் நின்றவள். போன வருஷ மழையில், லீவுநாள்தானே என்று அம்மாவோடு மிளகாய்க்குக் களையெடுக்கப் போயிருக்கிறாள். இடி விழுந்துவிட்டது. பக்கத்து வரிசையில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரிசல் காட்டில் நாலு மேகம் திரண்டாலே இந்தப் பயம்தான், ஒதுங்க ஒரு மரம் இருக்காது.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணை எங்கள் பக்கம் கன்னி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் தென்மேற்கு மூலையில் அவளுக்கு இடம். வருஷத்துக்கு ஒருதரம் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்து, அவளைக் கூப்பிட்டு, பொங்கல் வைப்பார்கள். முன்னால் எல்லாம் பெட்டியில் துணியை மடித்து வைப்பதோடு சரி. இப்போது கல்லில் படமும் வைக்கிறார்கள். அதற்குத்தான் வந்திருந்தார்கள், வருஷம் திரும்புவதற்குள் வேண்டுமாம்.

வேல்முருகன் தங்கச்சியின் போனை நீட்டினான். அதில் எல்லாம் அந்தப் பெண் தானே எடுத்துக்கொண்ட படங்கள். முகத்தை அழகாக்கிக் காட்டுகிற அந்த ஆப்பில் எடுத்தவை. ரோஸ் கன்னம், கூர்மையான தாடை, பெரிய பெரிய கண். ஊரில் பாதிப் பிள்ளைகள் போனில் இந்த ஒரே முகம்தான் இருக்கிறது. பேச்சியம்மாள் ஒரு பாலிதீன் கவரிலிருந்து வேறொரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஏதோ சடங்கு வீட்டில் யாரோ எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ பார்த்து வாய் விட்டுச் சிரிக்கிறாள். அகலத் தாடை, வழவழவென்ற கறுப்பு, கன்னத்தில் மட்டும் வெயில் மின்னுகிறது.

"இதைப் போடுங்க அண்ணாச்சி. அது எம் மக இல்ல."

"அவளே எடுத்த படம்மா அது. அவளுக்குப் பிடிச்ச படம்" என்றான் மகன்.

"அவளுக்குப் பிடிச்சது வேற. அவ வேற."

"யம்மா, படத்துல கொஞ்சம் வெளுப்பா இருந்தா என்ன ஆயிரப் போவுது?"

பேச்சியம்மாள் மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, வருசா வருசம் அவளை வீட்டுக்குக் கூப்பிடப் போறோம். வேற ஒருத்தி மூஞ்சிய மூலையில வச்சிருந்தா, வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டு, இது நம்ம வீடு இல்லன்னு திரும்பிப் போயிருவாளே. அப்புறம் அவ எங்க போவா?"

வேல்முருகன் என் தோளைத் தொட்டு வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"அண்ணாச்சி, எங்கம்மாவுக்குத் தெரியாதா என்ன? பொண்ணு பாக்க வந்தவிய எல்லாம் காப்பி குடிச்சிட்டு, பிள்ள கொஞ்சம் நெறம் கம்மின்னு சொல்லிட்டுப் போனாவ. இவ கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அந்த ஆப்புல எடுத்து எடுத்துப் பாத்துக்கிடுவா. சாமியான பொறவாவது அவளை யாரும் கறுப்பின்னு சொல்லக்கூடாது. எந் தங்கச்சி அண்ணாச்சி." அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் கேட்டதிலும் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. இவன் பக்கம் சேருவதா, அந்தம்மா பக்கம் சேருவதா?

அம்மா சொன்ன படத்தை முதலில் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவைத்தேன். கைவேலையின் இலவச நாட்கள் என்றைக்கோ முடிந்துபோயிருந்தன. முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, அந்த இன்னொரு சாஃப்ட்வேரை வாங்கிருவமா? உங்கப்பா கல்லு அதுலதான அடிச்சோம்."

முதலாளி பேச்சியம்மாளைப் பார்த்தார். அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து மிசினையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி முகம் ஒருமாதிரி ஆனது. "ஒரு கல்லுக்கா வே?" என்றார் மெதுவாக. பிறகு, "பாப்போம் வே" என்று சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

சரி, நம்ம வித்தையைக் காட்டுவோம் என்று உட்கார்ந்தேன். ஒத்தைப் பட்டனில் அந்தப் படத்தைப் போட்டால், முகத்தைக் கண்டுபிடித்து, வெயில் மின்னிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முகம் முழுக்க வெளிச்சத்தை ஊற்றியது. படத்தை முதலிலேயே இருட்டாக்கிக் கொடுத்தேன், அதற்கும் சேர்த்து ஊற்றியது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். மூக்கு மேலே, கண் கீழே. சாஃப்ட்வேருக்கு அது முகம் என்றே தெரியவில்லை! பேசாமல் இருந்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று, வாடி மவளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். துண்டுக் கல்லை வைத்து அடித்தேன்.

வெளிச்சம் போடவில்லை, சரி. ஆனால் நடுத்தரமான சாம்பலைப் புள்ளியாக உடைக்கிற வேலையையும் அது முகத்துக்கு மட்டும்தான் ஒழுங்காகச் செய்யும் போலிருக்கிறது. தூசியைத் தட்டித் திருப்பிப் பார்த்தால் கன்னமும் இல்லை, நெற்றியும் இல்லை. ரெண்டு கண், ஒரு வரிசைப் பல், அவ்வளவுதான். மீதி எல்லாம் கல். வேல்முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பேயாட்டம் இருக்கு அண்ணாச்சி, எடுத்துருங்க" என்றான். பேச்சியம்மாள் கல்லை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். மகள் முகம் கையில் அகப்படவில்லை. "இருட்டுக்குள்ள நிக்காளே. வெளிய வரமாட்டேங்காளே" என்று திருப்பித் தந்துவிட்டார். நான் தோற்றுப்போனேன். வேறு எப்படிச் சொல்ல?

வேல்முருகன் கொடுத்த படத்தைப் போட்டு பட்டனை அமுக்கினேன். லேசர் மேலேயிருந்து கோடு கோடாக இறங்கிவரும். மூடியில் கண்ணாடி உண்டு, அதன் வழியாகப் பார்க்கலாம். முடி வந்தது, நெற்றி வந்தது, அந்தம்மா பார்த்துக்கொண்டு நின்றார். கண் வந்ததும் வாசலுக்குப் போய்விட்டார்.

அடித்து முடித்ததும் கல்லில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைக்கவேண்டும். துடைத்தேன். பொரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கினால் வெள்ளை கொஞ்ச நேரம் அடங்கிப்போகும், எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான், நாங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்தச் சமயம் பார்த்து பேச்சியம்மாள் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதான்! அண்ணாச்சி, இதான் எம் மக! துடைக்காதீய, துடைக்காதீய!"

ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். ரோஸ் கன்னத்தின் வெளுப்பு அடங்கி, தாடையின் கூர்மை கல்லின் கறுப்பில் கரைந்து, அந்தச் சடங்கு வீட்டுப் பெண்ணின் சாயல் வந்திருந்தது. ஆனால் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி முதலில் காய்ந்தது. பிறகு ஒரு கன்னம். பேச்சியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்து, சுவரில் இருந்த எல்லா சுவிட்சையும் தட்டி ஃபேனை நிறுத்தினார். லைட்டும் சேர்ந்து அணைந்தது. அதற்குள் முகம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. முதலாளி போய் லைட்டைப் போட்டார்.

கல்லைப் பொதிந்து கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையை அவர்களிடமும் சொன்னேன். "விளக்குப் பக்கத்துல வைக்காதீய. எண்ணெய் மட்டும் படவிடக்கூடாது. தண்ணி காஞ்சிரும், எண்ணெய் காயாது."

"பட்டா என்ன ஆவும்?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

"கறுத்துப்போவும்."

"கறுத்துப்போவுமா?"

"ஆமாம்மா. அதான் சொல்லுதேன், சூதானமா இருங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பங்குனி வாக்கில் திருப்பூரிலிருந்து வேல்முருகன் முதலாளிக்குப் போன் செய்தான். ஊருக்கு வந்து போனானாம், கல் கறுத்துப்போயிருக்கிறதாம், சரக்கு சரியில்லையாம். முதலாளிக்குக் கடைப் பேர் கெட்டுவிடக்கூடாது. "போயி என்னன்னு பாத்துட்டு வாரும் வே" என்று என்னை அனுப்பினார். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத் தின்னர் ஒரு பாட்டில், பஞ்சு, பழந்துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எட்டயபுரம், விளாத்திகுளம், அங்கிருந்து நாகலாபுரம் பஸ். மிளகாய்க் காய்ப்பு முடிகிற நேரம், ரோட்டோரம் களத்தில் எல்லாம் சிவப்பாகக் காய்ந்து கிடந்தது, பஸ்ஸுக்குள்ளேயே நெடி ஏறித் தும்மினோம்.

பேச்சியம்மாள் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். என்னைக் கண்டதும் மலர்ந்து, "வாங்க அண்ணாச்சி, வாங்க. வந்து பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். மூலையில் கல்லுக்குப் பச்சைப் பாவாடை சாத்தி, வளையலும் ரிப்பனும் வைத்திருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

ஐயோ சாமி, என்ன சொல்வேன். அவள் இருந்தாள். கன்னம் கறுத்து வழவழவென்று இருந்தது. தாடை அகன்றிருந்தது. பல்லும் கண்ணும் மட்டும் வெளிச்சமாக, சிரிக்கப்போகிற மாதிரி. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, தன் மகள் எங்கே எவ்வளவு கறுப்பு என்று அந்தத் தாய்க்குத் தெரியுமே, அந்த அளவுக்கு வைத்து வைத்துத் தேய்த்திருக்கிறார். என் ஆயுசில் எந்த சாஃப்ட்வேரிலும் நான் அப்படி ஒரு முகம் கொண்டுவந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷம் கல்லைப் பார்த்த கண், அடுத்ததையும் பார்த்துத் தொலைத்தது. இடது கண்ணின் ஓரம் மங்கியிருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, வந்துட்டா" என்றார் பேச்சியம்மாள்.

"யம்மா, வந்துட்டாதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா எண்ணெய் வச்ச இடத்துல நிக்காதும்மா. பரவிக்கிட்டே போவும். கன்னத்துல வச்சது கண்ணுக்குப் போவுது பாருங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பல்லும் போயிரும். அப்புறம் வெறுங்கல்லுதான் இருக்கும், மொகம் இருக்காது."

அவர் கல்லைப் பார்த்தார். "நானும் பாத்தேன். ரெண்டு வாரமா அந்தக் கண்ணு சரியில்ல."

"தின்னர் கொண்டாந்திருக்கேன். துடைச்சா எண்ணெய எடுத்துரும்."

"எடுத்தா?"

"பழையபடி ஆயிரும்."

"வெள்ளையாவா?"

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப துடைச்சாலும் அவ இல்ல, துடைக்காட்டாலும் அவ இல்ல. அப்படித்தான அண்ணாச்சி?"

பொய் சொல்ல எவ்வளவோ வார்த்தை இருக்கிறது. "ஆமாம்மா" என்றேன்.

பேச்சியம்மாள் பாவாடையின் மடிப்பைச் சரிசெய்தார். வளையலை நகர்த்தி வைத்தார். பிறகு என்னமோ சந்தைக்குச் சொல்லிவிடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "எம் மவன் வேற கல்லு அடிச்சுத் தாங்கன்னு கேப்பான். அடிச்சுக் கொண்டாங்க. அதே படமா இருந்தாலும் சரித்தான். வீட்டுல எண்ணெய் கெடக்கு."

தின்னர் பாட்டிலைத் திறக்காமலே திரும்பி வந்தேன். அவர் சொன்னபடியே வேல்முருகன் வேறு கல் கேட்டான். நானே அடித்தேன், அதே படம், அதே பட்டன். முகத்தைக் கண்டுபிடித்து அதுபாட்டுக்கு வெளிச்சம் போட்டது. கொஞ்ச நாளில் கண் ஆஸ்பத்திரி, ஆப்பரேசன் என்று நானும் கடையை விட்டு நின்றுவிட்டேன்.

சாத்தூர்த் தம்பி, நீங்கள் ஒத்தைப் பட்டனைத்தான் வாங்குவீர்கள், எனக்குத் தெரியும். வாங்குங்கள். கடை நடக்கவேண்டும், கஸ்டமர் கேட்பது அதைத்தான். கைவேலையை வாங்கினால் நஷ்டப்படுவீர்கள். இதற்குமேல் சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதலாளி போன் செய்தார். சுகம் விசாரித்துவிட்டு, "அந்த நாகலாபுரத்துக் கல்லு மறுபடியும் கறுத்துட்டாம் வே. அந்தப் பய இன்னொரு கல்லு கேக்கான்" என்றார்.

"அடிச்சுக் குடுங்க மொதலாளி."

"இப்படி எத்தனை கல்லு வே அடிக்கச் சொல்லுதீரு?"

"அந்தம்மா இருக்குத வரைக்கும்" என்றேன்.